மருந்தறிவைத் தமிழிற் பயிற்றிய கிறீன்

தமிழ்மொழி பாட்டுக்கும் பத்திக்கும் ஏற்றதேயன்றி, மருந்தை நிறுத்துக் கலக்கவும் உடற்கூற்றை ஆராயவும் பயிலும் இடங்களுக்கு ஏலாது என்போர் இன்றும் உளர். அன்னார் மானிப்பாயின் வரலாற்றை அறிதல் நன்று.

சாமுவேல் பிஸ்க் கிறீன் 1822ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வூஸ்ரர் நகரிற் பிறந்தார். நியூயோர்க்கில் மருத்துவங் கற்று, அமெரிக்க மிசன் ஊழியராய் 1847இல் யாழ்ப்பாணம் சேர்ந்தார். அக்காலத்தையொட்டியே ஐரோப்பாவின் தோர்ப்பாத்து நகரில் புக்கைம் என்னும் பேராசிரியர், மருந்தின் செயலைச் சோதனையால் ஆராயும் கூடமொன்றைத் தம் வீட்டு நிலவறையில் அமைத்தார். மருந்தின் இயல்பை ஏட்டால் மட்டுமன்றிக் கையாலும் கண்ணாலும் அறியவேண்டுமென்ற கொள்கை முளைவிட்ட காலம் அது.

கிறீன் அத்தகைய சோதனைக் கூடம் கண்டவரல்லர். மானிப்பாய் மருத்துவமனையே அவருடைய மாணவர்க்குப் பயிற்சிக் களம். முதலில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். தேர்ந்தவர்களோ நல்லூதியம் நாடி அயலிடஞ் சென்றனர். சிற்றூராரின் நோய் தீர்ப்பாரின்றி நின்றது. 1857இல் தாயகஞ் சென்று 1862இல் மீண்ட கிறீன், கற்பிக்கும் மொழியையே மாற்றினார். அவரிடம் பயின்ற 60க்கு மேற்பட்டோருள் ஏறத்தாழப் பாதிப்பேர் தமிழிற் கற்றவர்கள்.

கற்பிக்க நூல் வேண்டுமே! இரண வைத்தியம் 1867இலும், மனுஷ அங்காதிபாதம் 1872இலும் வந்தன. கலைச்சொல்லுக்கு முதலில் பழைய தமிழ் நூல்களைத் துருவினார். ஆங்குக் கிடையாவிடின் வடமொழியை நாடினார். அதுவும் உதவாவிடின் ஆங்கிலச் சொல்லையே தமிழொலிக்கு இசைய எழுதினார். மருந்து கலப்பார்க்கு இரசாயனம் இன்றியமையாதன்றோ? வெல்ஸ் என்பாரின் நூலைத் தழுவி 1875இல் வந்த இரசாயன நூலுக்குக் கெமிஸ்தம் என்றே பெயர்.

திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த பாடசாலையில் தமிழ் படிப்பிக்கும் எனக்கு, பக்கத்து ஆய்கூடத்து மாணவர் குழாயி, அளவி என்று சொல்லிச் சொல்லி அமிலத்தை அளப்பது நாடோறும் செவியில் விழும். அச்சொற்களில் அவர்க்கு வியப்பேதுமில்லை. கெமிஸ்தம் என்ற பெயரைச் சொன்னபோது மட்டும் சிரித்தார்கள். பண்டிதர் சிலரும் அப்பெயரைக் கண்டு முகஞ் சுளிப்பர். எனக்கு அதில் வழக்கில்லை. தூய சொல் வரும்வரை பாடத்தை நிறுத்திவைத்திருப்பின், நோயாளி காத்திருப்பானா? தவிரவும், தமிழ்ச்சொல் கைக்கெட்டிய இடத்தில் கிறீன் அதனை விட்டாரல்லர்.

அதற்குச் சான்று அவருடைய இறுதி நூல். திருவிதாங்கூரிற் பணியாற்றிய வேறிங் என்னும் மருத்துவர் தொகுத்து 1868இல் வெளிவந்த இந்திய மருந்து நூலைக் கிறீன் தமிழாக்கினார். அதற்கு இந்து பதார்த்த சாரம் எனப் பெயரிட்டார். பதார்த்தம் என்பது நம் நாட்டு வைத்தியர் நாவிற் பழகிய சொல். மேனாட்டு மருந்து நூலொன்று நம் வைத்தியர் வீட்டுத் திண்ணையிலும் அந்நியமாய்த் தோன்றாதிருக்க, அவ்வொரு சொல்லே போதும்.

உடல் நலிந்து 1873இல் இலங்கையை விட்டகன்ற பின்னரும், வூஸ்ரரில் இருந்தவாறே தமிழ் நூற்பணியை அவர் விட்டாரில்லை. அம்மருந்து நூல் வெளிவந்த 1884ஆம் ஆண்டிலேயே, மே மாதத்தில், உயிர்நீத்தார். தமிழர்க்கு மருத்துவ ஊழியராய் இருந்தவர் என்பதே கல்லறையிற் பொறிக்கப்படவேண்டுமென அவர் விரும்பியிருந்தார், அவ்வாறே பொறித்தனர்.