ஆடி மர்பி என்னும் போர்வீரர் சரித்திரம்

வீரரைப் போற்றுதல் தமிழ்மக்களுக்குத் தொன்றுதொட்டு வந்த வழக்கமாகும். போரில் மடிந்தார்க்கு நடுகல் நாட்டி வழிபட்டனர் நம் முன்னோர். மார்பில் ஏற்ற புண்ணை விழுப்புண் என்று சிறப்பித்தனர். அப்புண் படாத நாட்களை வீணாய்க் கழிந்தனவாகவே வீரன் எண்ணுவான் என்னும் கருத்தைத் திருவள்ளுவரும் படைச்செருக்கு என்னும் அதிகாரத்தில் அமைத்துள்ளார். விழுப்புண் காலத்தால் ஆறித் தழும்பாகும். அத்தழும்பைக் கண்டோர் வணங்குவர். ஆயின் போர்க்களத்தில் உள்ளத்திற் படும் புண் ஒன்றும் உண்டு. அது பிறர் கண்ணுக்குப் புலனாகாது. ஆதலின் அதனை வணங்குவாரும் இல்லை, மருந்திடுவாரும் அரியர். அத்தகைய புண்ணை 26 ஆண்டுகள் சுமந்து வாழ்ந்த ஒரு வீரருடைய சரித்திரத்தை இம்மாதம் நம் சங்கத்து அன்பர்களுக்கு எடுத்துரைக்க விழைகின்றோம். படையிற் பணியாற்றி மீண்டோரை உடைய குடும்பங்கள் நம்மிடையிலும் உள்ளனவாதலின், இஃது அயல்நாட்டார் கதை என்று ஒதுக்கத்தக்கதன்று.

ஆடி லியோன் மர்பி என்பார் அமெரிக்க ஐக்கிய நாட்டின் டெக்ஸாஸ் மாகாணத்தில், கிங்ஸ்டன் என்னும் சிற்றூரின் அருகே, 1925-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 20-ஆம் தேதி பிறந்தனர். பெற்றோர் பிறர் நிலத்தை வாரத்திற்குப் பயிரிட்டுப் பருத்தி விளைவித்து வயிறு வளர்த்த ஏழைகள். மக்கள் பன்னிருவர்; அவருள் மர்பி ஏழாமவர். தந்தையார் குடும்பத்தைக் கைவிட்டு அகன்றனர். சிறுவராகிய மர்பி ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விடுத்து, பருத்தி பறித்தும், துப்பாக்கியால் முயலும் அணிலும் வேட்டையாடியும் தம் தாய்க்கும் உடன்பிறந்தார்க்கும் உணவு தேடினர். 1941-ஆம் ஆண்டு மே மாதத்தில் அன்னையாரும் காலமாயினர். இளையோர் மூவர் அநாதை விடுதியிற் சேர்க்கப்பட்டனர். அன்னையாரின் பிரிவைத் தம் வாழ்நாள் முழுதும் அவர் மறந்திலர்.

அவ்வாண்டு டிசம்பரில் ஜப்பானியர் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கவே அமெரிக்கா யுத்தத்தில் இறங்கிற்று. மர்பி படையிற் சேர விரும்பினர். ஐந்தரை அடி உயரமும், மெலிந்த உடலும், பிள்ளை முகமும் உடைய அவரைக் கடற்படைச் சிப்பாய்ப் பிரிவினர் ஏற்றிலர். வயதும் போதாது. தமக்கையார் எழுதித் தந்த வயதுச் சான்றைக் காட்டி 1942-ஆம் ஆண்டு ஜூனில் அவர் தரைப்படையிற் சேர்ந்தனர். அப்பொழுது அவர்க்கு அகவை 17. அடுத்த ஆண்டு வட ஆப்பிரிக்கா சென்று, அங்கிருந்து சிசிலி, இத்தாலி, பிரான்ஸ் எனப் படையோடு சென்றனர். இடையிடையே மலேரியாச் சுரம் அவரை வருத்திற்று. மூன்று முறை காயமுற்றனர்.

1944-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் தேதி பிரான்சின் தென்கரையில் அவர் படை இறங்கிற்று. அன்று லாட்டி டிப்டன் என்னும் அவருடைய உயிர்த்தோழர், சரணடைவதாக வெள்ளைத்துணி காட்டிய பகைவரை நம்பி எழுந்து நின்ற கணத்திற் சுடப்பட்டு வீழ்ந்தனர். மர்பி தனியாகவே பாய்ந்து அப்பகைவரின் இயந்திரத் துப்பாக்கியைக் கைப்பற்றி அவர்களை அழித்தனர். அச்செயலுக்காக உயர்ந்த பதக்கம் ஒன்று கிடைத்தது. பதக்கம் வந்தது, நண்பர் வந்திலர். அவர் உள்ளத்திற் பட்ட புண்களுள் இஃது ஒன்று எனக் கொள்ளல் பிழையாகாது.

அவர் புகழை உலகறியச் செய்த நிகழ்ச்சி 1945-ஆம் ஆண்டு ஜனவரி 26-ஆம் தேதி, அல்சேஸ் பகுதியில் ஹோல்ட்ஸ்வீர் என்னும் ஊரருகே நடந்தது. ஜெர்மானிய டாங்கிகள் ஆறும், காலாட்கள் பலரும் பனிவெளியில் முன்னேறி வந்தனர். மர்பி தம் வீரர்களைக் காட்டுக்குட் பின்வாங்கச் செய்து தாம் மட்டும் நின்றனர். அருகே எரிந்துகொண்டிருந்த டாங்கி எதிர்ப்பு வண்டி எக்கணத்திலும் வெடிக்கக்கூடியது. அதன்மீதேறி, ஒரு கையில் தொலைபேசி பற்றிப் பீரங்கிப் படையினர்க்கு இலக்குக் கூறியும், அவ்வண்டியிலிருந்த இயந்திரத் துப்பாக்கியால் மூன்று பக்கமும் சுட்டும், ஏறத்தாழ ஒரு மணி நேரம் பகைவரைத் தடுத்தனர். காலிற் காயம் பட்டதையும் பொருட்படுத்திலர். பகைவருள் ஐம்பதின்மர் அளவில் இறந்தும் காயமுற்றும் வீழ்ந்தனர். அமெரிக்க நாட்டு வீரப்பதக்கங்களுள் தலைமையானதாகிய மெடல் ஆஃப் ஆனர் அவர்க்கு அவ்வாண்டு ஜூன் 2-ஆம் தேதி அளிக்கப்பட்டது. அப்பொழுது அவர்க்கு 20 வயதும் நிரம்பவில்லை.

தாய்நாடு மீண்டபோது ஊர்கள் தோறும் ஊர்வலமும் வரவேற்பும் நிகழ்ந்தன. லைப் என்னும் பத்திரிகை ஜூலை மாதத்தில் அவர் படத்தை முகப்பில் வெளியிட்டது. அதனைக் கண்ட ஜேம்ஸ் காக்னி என்னும் நடிகர் அவரை ஹாலிவுட்டுக்கு அழைத்தனர். காலப்போக்கில் மர்பி நாற்பதுக்கு மேற்பட்ட சினிமாப் படங்களில் நடித்துப் பொருளும் புகழும் ஈட்டினர். வறுமையிற் பிறந்த ஒரு பிள்ளைக்கு இதனினும் பெரிய பேறு யாது என்று நாம் நினைப்போம். அவர் இரவுகளைக் கண்டவர் அங்ஙனம் நினையார்.

பகலில் நகைமுகத்தோடு விளங்கிய அவ்வீரர்க்கு இரவிலே உறக்கம் இல்லை. கண்ணயர்ந்தாலோ போர்க்களமே கனவாய் வந்தது. குண்டு நிரப்பிய கைத்துப்பாக்கியைத் தலையணையின்கீழ் வைத்தன்றிப் படுத்திலர். 1949-ஆம் ஆண்டு வாண்டா ஹெண்டிரிக்ஸ் என்னும் நடிகையாரை மணந்தனர். அம்மணவாழ்வு நெடுநாள் நிலைத்திலது. ஒருமுறை தம்மையே துப்பாக்கி முனையில் நிறுத்தினர் எனப் பிற்காலத்தில் அவ்வம்மையார் வெளியிட்டுள்ளார். வீரர் பெருமையைக் கூறப் புகுந்த நாம் இதனை மறைப்பது நேர்மையன்று. போருக்குப் போகாத அப்பெண்ணும் போரின் அச்சத்தை வீட்டிலிருந்தே அனுபவித்தனர். அவ்வம்மையாரே வேறொன்றும் கூறியுள்ளார்: ஜெர்மானிய அநாதைக் குழந்தைகளைச் செய்திப்படத்திற் காணுந்தோறும் மர்பி குற்றவுணர்ச்சியால் கண்ணீர் உகுத்தனராம். தம் உடன்பிறந்தாரை அநாதை விடுதியிற் கண்டவர் அவர்; அக்குழந்தைகளின் தந்தையர் யார் கையால் மடிந்தனரோ என்னும் எண்ணம் அவரை வாட்டியிருத்தல் கூடும்.

தம் போர் அனுபவங்களை 1949-இல் அவர் ஒரு நண்பரின் துணையோடு நூலாக்கினர். அந்நூல் 1955-இல் சினிமாவாயிற்று. அதில் மர்பியாகவே மர்பி நடித்தனர். உலகம் அப்படத்தைப் பெரிதும் பாராட்டியது, வசூலும் பெருகிற்று. ஆயின் நண்பர் மாண்ட காட்சியை மீண்டும் விளக்கொளியில் நின்று நடித்துக்காட்ட நேர்ந்த ஒருவரின் மனநிலையை நேயர்களே எண்ணிப்பார்க்க. மறக்க விரும்பியதை மறவாதிருத்தலே அவர்க்குத் தொழிலாயிற்று. பதக்கங்கள் பலவற்றை அவர் சிறு பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டனர் என்பதும் இங்கே கருதத்தக்கது.

1951-இல் பமேலா ஆர்ச்சர் என்னும் அம்மையாரை இரண்டாவதாக மணந்து புதல்வர் இருவரைப் பெற்றனர். உறக்கமின்மைக்காக மருத்துவர் தந்த பிளாசிடில் என்னும் மாத்திரை நாளடைவில் அவரை அடிமையாக்கிற்று. அதனை உணர்ந்ததும் ஒரு ஹோட்டல் அறையிற் புகுந்து தாளிட்டுக்கொண்டு, ஒரு வாரம் தனித்திருந்து, உடல் நடுக்கத்தையும் வேதனையையும் பொறுத்து அப்பழக்கத்தை ஒழித்தனர். டாங்கிகளை எதிர்த்ததனினும் இஃது அரிய வீரம் என்பது எம் கருத்து. ஆயினும் சூதாட்டமும் கடனும் அவரை விட்டில. அவ்விடுக்கண் காலத்திலும், இளைஞர்க்குத் தீய வழி காட்டலாகாதென்று, மது, சிகரெட் விளம்பரங்களுக்குத் தம் பெயரை விற்க மறுத்தனர்.

அவர் செய்த பெருந்தொண்டு இனிக் கூறுவது. போரினின்று மீண்டோர்க்கு வரும் உளநோயை உலகம் நெடுங்காலம் கோழைத்தனம் என்றே இகழ்ந்து வந்தது. முதல் உலக யுத்தத்தில் அதனைக் குண்டதிர்ச்சி என்றும், இரண்டாம் யுத்தத்தில் போர்க்களைப்பு என்றும் பலவாறு வழங்கினர். 1943-இல் சிசிலியில் மர்பி போர்புரிந்த அதே காலத்தில், அவ்வமெரிக்கச் சேனையின் தலைவராகிய ஜெனரல் பாட்டன், நரம்புத் தளர்ச்சியால் மருத்துவசாலையிற் கிடந்த சிப்பாய்கள் இருவரைக் கோழைகள் என்று ஏசி அறைந்தனர். பின்னர் மேலதிகாரியின் கட்டளைப்படி மன்னிப்பும் கேட்க நேர்ந்தது. இத்தகைய காலத்தில் வளர்ந்தும், வீரருள் வீரர் எனப் புகழப்பெற்ற மர்பி, தமக்கு அந்நோய் உண்டென வெளிப்படையாகக் கூறினர். கொரியா, வியட்நாம் யுத்தங்களினின்று மீண்டோரைக் கருதி, போர் மனத்துக்கு இழைக்கும் தீங்கை அரசாங்கத்தார் ஆராய்ந்து தக்க சிகிச்சை அளித்தல் வேண்டும் என வற்புறுத்தினர். அவர் கூறியதால் கோழைத்தனம் என்னும் சொல் வலியிழந்தது. ஏனெனில் அவரைக் கோழை என்பார் எவரும் இலர்.

1971-ஆம் ஆண்டு மே மாதம் 28-ஆம் தேதி அவர் ஏறிச் சென்ற சிறு விமானம், வர்ஜீனியா மாகாணத்தில் பிரஷ் மலை என்னும் மலைமீது மழையிலும் மூடுபனியிலும் மோதிற்று. அதிலிருந்த அறுவரும் மாண்டனர். மர்பிக்கு அப்பொழுது 45 வயது. ஆர்லிங்டன் தேசிய இடுகாட்டில் முழுப்படை மரியாதையோடு அடக்கம் செய்யப்பெற்றனர். அவர்தம் பதக்கத்தைப் பெற்றோரின் கல்லறைக்கற்களில் பொன்னெழுத்துப் பொறித்தல் அங்கு மரபு. அவரோ எளிய சிப்பாயின் கல்லே தமக்குப் போதும் என்று முன்னரே வேண்டியிருந்தனர். 1980-இல் அமெரிக்க மனநோய் மருத்துவ சங்கத்தார் அதிர்ச்சிக்குப் பின் நீடிக்கும் மன உளைச்சலை ஒரு நோயாகத் தம் நூலில் ஏற்றுக்கொண்டனர். அதனைக் காண அவர் உயிரோடிருந்திலர்.

அவர் சரித்திரம் அத்துடன் முடிந்ததன்று. கடனோடு விடப்பட்ட பமேலா அம்மையார் சிறியதொரு குடியிருப்புக்குச் சென்று, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துச் செபுல்வேடா படைவீரர் மருத்துவசாலையில் எழுத்தர் பணியை ஏற்றனர். 35 ஆண்டுகள் அங்கே உழைத்தனர். வரும் வீரர் ஒவ்வொருவரையும் மரியாதையுடன் பெயர் சொல்லி வரவேற்பதும், நெடுநேரம் காத்திருப்போரைத் தாமே மருத்துவரிடம் அழைத்துச் செல்வதும் அவர் வழக்கமாயிருந்தன. வீரர் பலரும் அவரை அன்னைபோற் கருதினர். 2010-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் தம் 90-ஆம் வயதில் காலமாயினர். கணவரின் உறங்கா இரவுகளைக் கண்டறிந்த கண்கள், பிறர் இரவுகளையும் அறிந்துகொண்டன போலும். டெக்ஸாஸ் மாகாணத்து சான் அன்டோனியோ நகரில் படைவீரர் மருத்துவசாலை ஒன்று மர்பியின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. எனினும் அவர்க்கு அமைந்த உண்மையான நினைவுச்சின்னம் அவ்வம்மையாரின் தொண்டே என்போம்.

அன்பர்களே, படையினின்று மீண்ட தந்தையோ தமையனோ மகனோ இரவில் அலறி எழுந்தால், சிறு ஓசைக்கும் திடுக்கிட்டால், காரணமின்றிச் சினந்தால், யாரோடும் பேசாது தனித்திருந்தால், அதனைப் பேய்க்கோள் என்றும், கெட்ட குணம் என்றும், குடியின் விளைவு மட்டுமே என்றும் முடிவுகட்டாதீர்கள். மந்திரிப்பாரைத் தேடாது மனநோய் மருத்துவரை நாடுங்கள். அவரோடு வாழும் மனைவி மக்கள் அஞ்சி நடுங்குவராயின், குடும்ப மானம் கருதிப் பொறுத்திரு என்று அவர்களுக்கு உபதேசம் செய்யாதீர்கள். அவர்களுடைய பாதுகாப்பையே முதற்கண் பாருங்கள். நாட்டுக்காகச் சென்றவனை மாலையிட்டு வரவேற்பது ஒருநாட் கடமை. அதன்பின் வரும் இரவுகளில் அவனுக்கும் அவன் இல்லத்தார்க்கும் துணை நிற்பதே உற்றார் உறவினரின் நெடுங்காலக் கடமையாகும்.