கல்லில் கானகம் கண்டவர்

தீயிற்பட்ட பூ சாம்பராகும் என்பது நாமனைவரும் அறிந்ததே. ஆயின், எரிமலை கக்கிய தீக்குழம்புகளின் நடுவே பூவும் கனியும் கோடிக்கணக்கான ஆண்டுகள் உருக்கெடாமல் இருந்தனவெனின், எளிதில் நம்புவார் யார்? அத்தகைய பூக்களையும் கனிகளையும் நம் நாட்டுக் கற்களிலே ஆராய்ந்து, அவற்றின் வரலாற்றை உலகிற்கு எடுத்துரைத்தவர் டாக்டர் பீர்பால் ஸாஹ்னி. அவர்தம் வாழ்க்கையை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

இப்பொழுது பாகிஸ்தானத்தைச் சார்ந்துள்ள பேரா என்னும் ஊரில், 1891-ம் ஆண்டு நவம்பர் மாதம் 14-ம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் ருசிராம் ஸாஹ்னி, லாகூர் அரசாங்கக் கல்லூரியில் ரசாயன ஆசிரியராய் விளங்கியவர். லாகூரிற் கல்வி பயின்ற பீர்பால், 1911-ல் இங்கிலாந்து சென்று, கேம்பிரிட்ஜ் நகரத்து இம்மானுவேல் கல்லூரியிற் சேர்ந்தார். பண்டைத் தாவர ஆராய்ச்சியிற் பெரும்புகழ் படைத்த ஸீவர்ட் என்பார் அவருக்கு ஆசானாய் வாய்த்தார். 1919-ல் தாயகம் மீண்ட பீர்பால், அடுத்த ஆண்டில் ஸாவித்திரி அம்மையாரை மணந்தார். 1921-ல் லக்னோ சர்வகலாசாலையில் தாவர சாஸ்திரப் பேராசிரியரானார்.

அவரது உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தவை தக்காணத்து எரிமலைப் பாறைகள். ஏறக்குறைய 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்னர், நிலம் பிளந்து தீக்குழம்பு வெள்ளமெனப் பரந்தது. இன்றும் அது சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பிற் கரும்பாறையாய்ப் படிந்து கிடக்கின்றது. அஃது ஒருநாளிற் பெருகியதன்று. ஒரு பெருக்கிற்கும் மறு பெருக்கிற்கும் இடையே நெடிய ஓய்வுகள் உண்டு. அவ்வோய்வுக் காலங்களில், ஆறிய பாறைமேல் ஏரிகள் தோன்றின. பனையினங்கள் முதலிய மரங்கள் கரைகளிற் செழித்தன. அவற்றின் இலையும் பூவும் கனியும் ஏரிச் சேற்றில் விழுந்தன. எரிமலைப் பொருள்களினின்றும் நீரிற் கரைந்துவந்த சிலிகா என்னும் மணற்சத்து, அவை அழுகுமுன்னரே ஒவ்வொரு நுண்ணறையிலும் புகுந்து உறைந்தது. சேறும் கல்லாயிற்று. பின்வந்த தீக்குழம்பு அதன்மேற் கவிந்து, பேழையின் மூடிபோற் காத்தது. கானகத்தை அழித்த நெருப்பே அதன் நினைவைப் போற்றிவைத்த விந்தை இதுவாம்.

மத்தியப் பிரதேசத்துச் சிந்துவாடா ஜில்லாவிலுள்ள மோகாவோன் கலான் முதலிய இடங்களில் இக்கற்கள் கிடைக்கின்றன. இவற்றை அறுத்து, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, ஒளி ஊடுருவுமளவும் தேய்த்து, உருப்பெருக்குக் கருவியால் நோக்குதல் வேண்டும். கை சற்றே மிகின், வேறெங்கும் கிட்டாத கனியொன்று துகளாய்ப் போய்விடும். இவ்வரிய தொழிலைப் பேராசிரியர் பொறுமையோடு செய்துவந்தார். நம் நெல்வயல்களுக்கு உரமாகப் பயன்படும் அஸோலா என்னும் நீர்ச்செடியின் மூதாதையொன்றையும் இக்கற்களில் அவரும் அவருடன் உழைத்தோரும் கண்டனர். இவற்றினும் தொன்மையான ராஜமகால் மலைகளின் எரிமலைப் பாறைகளிடையேயும் அவர் ஆராய்ந்தார். அங்கே தனித்தனியே கிடைத்த தண்டு, இலை, பூ ஆகியவற்றை ஒரே செடியின் உறுப்புக்களெனப் பொருத்திக் காட்டி, 1932-ல் அச்செடிக்குத் தம் ஆசான் ஸீவர்டின் பெயரையே சூட்டினார்.

தக்காணப் பாறைகளின் வயதுபற்றி அக்காலத்தில் ஒரு வழக்கு எழுந்தது. டைனோசர்கள் வாழ்ந்த கிரீட்டேசிய யுகத்தின் இறுதியைச் சார்ந்தவை அவை எனப் பூகர்ப்ப சாஸ்திரிகள் பலர் கருதினர். ஸாஹ்னியோ, பனையினங்களையும் அஸோலாவையும், கழிமுகங்களில் வளரும் நீப்பா என்னும் பனையின் கனியையும் சான்றாக நிறுத்தி, அவை அதன்பின் வந்த டெர்ஷியரி யுகத்தனவென 1934-ல் வாதித்தார். பிற்கால ஆராய்ச்சிகளோ, அத்தீப்பெருக்கு இரு யுகங்களின் எல்லையையும் கடந்து நிகழ்ந்ததென்று காட்டியுள்ளன. ஆகவே, முழு வெற்றி இருதிறத்தார்க்கும் இல்லை. எனினும், வாயில்லாச் செடிகளையும் சாட்சிகளாக அழைத்து விசாரிக்க வேண்டுமென்று அவர் காட்டிய நெறி நிலைத்துவிட்டது. அறிஞர் ஒருவரின் பெருமை, அவர் முடிவுகள் யாவும் மாறாதிருத்தலில் மட்டும் இல்லையென்பதை நாம் இதனால் உணர்கிறோம்.

லண்டன் ராயல் சங்கம் 1936-ல் அவரைத் தன் அங்கத்தினராக ஏற்றது. ஆயினும், பண்டைத் தாவரங்களை ஆராய்வதற்கென்றே நம் நாட்டில் ஒரு நிலையம் வேண்டுமென்பதே அவரது தீராத வேட்கை. தாமும் மனைவியாரும் கொண்டிருந்த பொருளையும், நூல்களையும், அரிதிற் சேர்த்த கற்களையும் அதற்கே ஈந்தனர். 1946-ல் நிலையம் உருவாயிற்று. 1949-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 3-ம் நாள், அதன் புதிய கட்டடத்திற்குப் பிரதமர் ஜவஹர்லால் நேரு கால்கோள் செய்தார். கற்படிவங்கள் பதித்த அவ்வடிக்கல்லைப் பேராசிரியரே அமைத்திருந்தார். அந்தோ! ஒரு வாரமே சென்றது. ஏப்ரல் 10-ம் நாள் அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார். அப்போது அவருக்கு வயது 57.

அடிக்கல்லோடு பணி நின்றுவிடுமோ என்று அஞ்சியோர் பலர். ஸாவித்திரி அம்மையார் துயரினுள் அமிழ்ந்துவிடாது, நிலையத்தின் தலைமையைத் தாமே ஏற்றார். கட்டடம் நிறைவெய்தி 1953-ல் திறக்கப்பெற்றது. இன்றும் பீர்பால் ஸாஹ்னியின் பெயரைத் தாங்கி லக்னோவில் நிற்கின்றது. நிலத்தில் விழுந்த கோதுமை மணி மிகுந்த பலன் தருதலை மறைநூலிற் பயின்றுள்ள நமக்கு, இவ்வரலாறு புதிதன்று. தாம் நுகரக் கருதாத கனிக்கும் நீர் வார்த்தவர் அவர். கல்வி பயிலும் நாமும், நம் காலத்திற்குள் முடியாத பணியெனினும் அஞ்சாது தொடங்குவோமாக.