மங்கள் பாண்டே: துப்பாக்கிக் குழலில் படிந்த கரிக்கும் 1857-க்கும் என்ன சம்பந்தம்?

பசுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்பு தடவிய தோட்டா. மங்கள் பாண்டே என்றதும் பள்ளிப் பாடத்திலிருந்து நமக்கு ஞாபகம் வருவது இதுதான். சரி, தோட்டாவுக்கு எதற்குக் கொழுப்பு? இந்தக் கேள்விக்குப் பாடப்புத்தகம் பெரும்பாலும் பதில் சொல்வதில்லை. பதில் துப்பாக்கிக் குழலுக்குள் இருக்கிறது.

இன்றைய உத்தரப் பிரதேசத்தின் பல்லியா மாவட்டம், நக்வா கிராமம்தான் மங்கள் பாண்டேவின் ஊர். பிராமணக் குடும்பம். 1849-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காளப் படையில் சேர்ந்தார். 34-வது காலாட்படைப் பிரிவில் சாதாரண சிப்பாய். அந்தப் படையில் அவரைப் போன்ற உயர்சாதி விவசாயக் குடும்பத்துப் பையன்கள்தான் அதிகம். சம்பளம் பெரிதில்லை, மரியாதை பெரிது. சாதி ஆசாரம் கெட்டால் ஊரில் பந்தியில் உட்கார முடியாது, பெண் கொடுக்க மாட்டார்கள். இதை மனதில் வைத்துக்கொண்டு துப்பாக்கிக்கு வருவோம்.

குழலுக்குள் என்ன நடக்கிறது?

அன்றைய துப்பாக்கிகளில் மருந்தையும் குண்டையும் குழலின் வாய் வழியாகப் போட்டு, நீளமான கம்பியால் இடித்துக் கெட்டிக்க வேண்டும். நாட்டுத் துப்பாக்கியைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும்.

அந்த மருந்து வெடியுப்பு, கரி, கந்தகம் மூன்றும் கலந்த கருமருந்து. எரியும்போது அது முழுசாகப் புகையாகிவிடுவதில்லை. பாதிக்கும் மேல் திடமான கசடாகத் தங்கிவிடும். ஒவ்வொரு முறை சுடும்போதும் குழலின் உள்சுவரில் இந்தக் கரி ஒரு படலமாக ஒட்டும். பத்து, இருபது முறை சுட்டபின் அடுத்த குண்டை உள்ளே தள்ளவே திணற வேண்டியிருக்கும்.

அதைவிட மோசம், அந்தக் கசடு காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஒரு ராத்திரி அப்படியே விட்டால் காலையில் துரு. வங்காளத்து ஈரக்காற்றில் கேட்கவே வேண்டாம். இந்தக் கசடு வெறும் எண்ணெய்க்கு அசையாது, தண்ணீரில்தான் கரையும். அதனால் சுட்டு முடித்ததும் குழலில் தண்ணீர் ஊற்றி, கம்பியின் நுனியில் துணி சுற்றி, தண்ணீர் தெளிவாக வரும்வரை இழுத்து இழுத்துக் கழுவ வேண்டும். பிறகு சொட்டு ஈரம் இல்லாமல் துடைத்து, கடைசியாக எண்ணெய் பூச வேண்டும். தண்ணீர் முதலில், எண்ணெய் கடைசியில். வரிசை மாறினால் துப்பாக்கி போச்சு.

பழைய மஸ்கெட்டில் கரி பெரிய தொல்லை இல்லை. குழல் வழவழப்பானது, குண்டும் குழலைவிட நன்றாகவே சிறியது. கொஞ்சம் கரி படிந்தாலும் குண்டு இறங்கிவிடும். குறிதான் தப்பும்.

1853-ல் வடிவமைக்கப்பட்ட என்ஃபீல்டு ரைஃபிள் வேறு ரகம். குழலுக்குள் திருகலாக மூன்று பள்ளங்கள். குண்டு அவற்றைப் பிடித்துச் சுழன்றபடி வெளியேறும். பல மடங்கு தூரம், துல்லியமான குறி. ஆனால் குண்டு நெருக்கமாகப் பொருந்த வேண்டும், நடுவே கரிக்கு இடமே இல்லை. சண்டைக்கு நடுவில் தண்ணீர் ஊற்றிக் கழுவவும் முடியாது. அதனால்தான் குண்டைச் சுற்றிய காகிதத்தில் கொழுப்பும் தேன்மெழுகும் கலந்து தடவினார்கள். குண்டு வழுக்கி இறங்கும், பழைய கரியும் இளகும். பொறியியலாகப் பார்த்தால் நல்ல யோசனை. அது எந்த விலங்கின் கொழுப்பு என்பதில்தான் அலட்சியம். இத்தனைக்கும் இதில் கவனம் தேவை என்று 1853-லேயே ஓர் அதிகாரி எழுதி எச்சரித்திருந்தார்.

அந்தக் காகிதத் தோட்டாவின் முனையைப் பல்லால் கடித்துக் கிழித்து மருந்தைக் கொட்டுவதுதான் அன்றைய பயிற்சி முறை. கடிப்பது மருந்து இருக்கும் முனை, கொழுப்பு இருப்பது குண்டு இருக்கும் முனை. ஆனாலும் கையில் ஒட்டியதை வாயருகே கொண்டுபோக எவருக்கு மனம் வரும்?

மார்ச் 29, 1857

ஜனவரியில் டம்டமிலிருந்து கிளம்பிய செய்தி பாரக்பூர் முகாமுக்கு வந்து சேர்ந்தது. அரசும் பதறியது. கொழுப்பு இல்லாத தோட்டாவே தரப்படும், சிப்பாய்களே விருப்பப்பட்ட மசகைத் தடவிக்கொள்ளலாம் என்றார்கள். பல்லால் கடிக்க வேண்டாம், கையால் கிழிக்கலாம் என்றார்கள். அதற்குள் சந்தேகம் காகிதத்தின் மேலேயே தாவிவிட்டது. பெர்ஹாம்பூரில் 19-வது பிரிவு தோட்டாவை வாங்க மறுத்தது. மார்ச் 31-ல் அந்தப் பிரிவைக் கலைக்க ஏற்பாடானது.

அதற்கு இரண்டு நாள் முன்பு, ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், மங்கள் பாண்டே துப்பாக்கியோடு அணிவகுப்பு மைதானத்துக்கு வந்தார். பாங்கு குடித்திருந்தார் என்பது பின்னர் விசாரணையில் அவரே சொன்னது. மதத்தைக் காக்க வெளியே வரும்படி சக சிப்பாய்களை அழைத்தார். குதிரையில் வந்த லெப்டினன்ட் பாஃகை நோக்கிச் சுட்டார், குண்டு குதிரை மேல் பாய்ந்தது. பிறகு வாளால் பாஃகையும் சார்ஜென்ட் மேஜர் ஹியூசனையும் வெட்டிக் காயப்படுத்தினார். அங்கிருந்த சிப்பாய்களில் அவரைப் பிடித்து நிறுத்தியவர் ஷேக் பல்ட்டு ஒருவர்தான். ஜெனரல் ஹியர்சே நெருங்கியதும், குழலைத் தன் மார்பில் வைத்து, கால்விரலால் விசையை அழுத்திக்கொண்டார் மங்கள் பாண்டே. காயம்தான், உயிர் போகவில்லை.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று: அன்று அவர் கையில் இருந்தது என்ஃபீல்டு அல்ல, பழைய மஸ்கெட். அத்தனை கலவரத்துக்கும் காரணமான அந்த ரைஃபிள் அவரது பிரிவுக்கு இன்னும் வழங்கப்படவே இல்லை. அவரைத் தூண்டியது அச்சமும் வதந்தியும் மட்டுமா, பல வருஷக் கோபமுமா என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். மதக் குறி, தோல் பட்டை வைத்த தலைப்பாகை விஷயத்தில் 1806-லேயே வேலூர் கோட்டையில் வெடித்ததைப் பார்த்தும் கம்பெனி பாடம் படிக்கவில்லை என்பது என் எண்ணம்.

ஏப்ரல் 6-ல் ராணுவ விசாரணை. உடந்தையாக யார் பெயரையும் அவர் சொல்லவில்லை. ஏப்ரல் 18-ல் நிறைவேற்றுவதாக இருந்த தூக்கு, பத்து நாள் முன்னதாக 8-ம் தேதி காலையிலேயே முடிந்தது. அவரைப் பிடிக்க உத்தரவிடாத ஜமேதார் ஈஸ்வரி பிரசாதும் அதே மாதம் தூக்கிலிடப்பட்டார். மே 6-ல் 34-வது பிரிவின் கம்பெனிகள் பாரக்பூரில் கலைக்கப்பட்டன. நான்கே நாளில், மே 10-ல், மீரட் எழுந்தது. கலகக்காரர்கள் எல்லோரையுமே ஆங்கிலேயர்கள் பாண்டீஸ் என்று அழைக்க ஆரம்பித்தார்கள்.

கிளர்ச்சி அடங்கிய பின் இந்தியச் சிப்பாய்களுக்கென்றே என்ஃபீல்டில் தனி வகை செய்து கொடுத்தது பிரிட்டன். வெளித்தோற்றம் அதேதான். குழலுக்குள் மட்டும் அந்த மூன்று பள்ளங்களும் கிடையாது.