மதிலுக்கு வெளியே அனுப்பப்பட்ட கடைவீதி

பக்தாத் என்றதும் நம் வீடுகளில் ஹாரூன் ரஷீதின் பெயரைத்தான் சொல்வோம். அந்த நகரைக் கட்டியவர் அவருடைய பாட்டனார் கலீஃபா அபூ ஜஅஃபர் அல்மன்சூர். திறமையான ஆட்சியாளர்தான். ஆனால் யாரையும் எளிதில் நம்பாதவர். அவருடைய வாழ்க்கையை இன்று நாம் புரட்டிப் பார்ப்பதற்குக் காரணம் போர்கள் அல்ல. ஒரு நகரத்தை எப்படி ஆள்வது, அதன் சந்தையை எங்கே வைப்பது, புறநகரில் வாழ்பவர்களை எந்த அளவுக்கு உள்ளே விடுவது என்று அவர் எடுத்த முடிவுகள்தாம்.

மன்சூர் பிறந்தது இன்றைய ஜோர்தானில் உள்ள ஹுமைமா என்ற சிற்றூரில். கி.பி. 754இல் கலீஃபாவானபோது அவருக்கென நிலையான தலைநகர் இல்லை. கூஃபாவுக்கு அருகில் ஹாஷிமிய்யாவில் இருந்தார். அங்கே ராவந்திய்யா என்ற கூட்டத்தார் கலகம் செய்தபோது அவர் உயிர் தப்பியதே பெரும்பாடு. கூஃபா மக்களின் மனமோ அலீ (ரலி) அவர்களின் சந்ததியினர் பக்கம் இருந்தது. ஆகவே பாதுகாப்பான ஓரிடம் தேடித் தஜ்லா நதிக்கரைக்கு வந்தார். தஜ்லாவும் ஃபுராத்தும் நெருங்கி வரும் பகுதி அது. இரு நதிகளின் வழியாகவும் தானியம் வந்து சேரும். எதிரி வருவதானால் நதியைக் கடந்தாக வேண்டும்.

ஹிஜ்ரி 145இல் (கி.பி. 762) வேலை தொடங்கியது. நகரம் வட்ட வடிவம். சாம்பலால் கோடு போட்டுப் பார்த்தார். பிறகு அந்தக் கோட்டின்மேல் பருத்திக் கொட்டைகளைப் பரப்பி, எண்ணெய் ஊற்றிக் கொளுத்தச் சொல்லி, எரியும் வட்டத்தைப் பார்த்துத் திட்டத்தை உறுதி செய்தார் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். கூஃபா, பஸரா, குராசான், ஷாம் என்ற பெயர்களில் நான்கு வாயில்கள். நடுவில் பச்சைக் குவிமாடம் கொண்ட அரண்மனையும் பள்ளிவாசலும். ஹிஜ்ரி 149இல் மதில் வேலை முடிந்தது. கணக்கு முடித்தபோது ஓர் அதிகாரியிடம் 15 திர்ஹம் பாக்கி நின்றதாம். அதைக் கட்டும்வரை அவரைச் சிறையில் வைத்தார். காசுக்குக் காசு கணக்குப் பார்த்ததால் அவருக்கு அபுத் தவானீக் என்று பட்டப்பெயர். தானிக் என்பது திர்ஹத்தில் ஆறில் ஒரு பங்கு.

நம்மில் ஹனஃபி மத்ஹபைப் பின்பற்றுவோருக்கு இந்த நகரோடு வேறொரு தொடர்பும் உண்டு. காஜி பதவியை ஏற்க மறுத்த இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் இங்கே செங்கல் எண்ணும் பொறுப்பில் வைக்கப்பட்டார்கள் என்று ஓர் அறிவிப்பு உண்டு. பின்னர் அவர்கள் சிறையில் அடைக்கப்பட்டு ஹிஜ்ரி 150இல் வஃபாத்தானார்கள். மன்சூரின் திறமையை எவ்வளவு சொன்னாலும் இதை விட்டுவிட்டுப் போக நமக்கு மனம் வரவில்லை.

ஆரம்பத்தில் கடைகள் மதிலுக்கு உள்ளேதான் இருந்தன. வாயிலிலிருந்து உள்ளே போகும் வளைவு மண்டபங்களில் வியாபாரம் நடந்தது. சந்தை என்றால் கூட்டம், கூட்டம் என்றால் பேச்சு. ரோமாபுரிப் பேரரசின் தூதர் ஒருவர் நகரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, வியாபாரி வேடத்தில் உளவாளி யாரும் உள்ளே வரலாமே என்று சொன்னதாக ஒரு செய்தி. இன்னொரு செய்தி இதைவிடக் கனமானது. சந்தையின் எடை, அளவு, ஒழுங்கு ஆகியவற்றைக் கண்காணிக்கும் முஹ்தஸிபாக இருந்தவர் அபூ ஸகரிய்யா யஹ்யா. அவர் கிளர்ச்சியாளர்களோடு சேர்ந்து சந்தை மக்களைத் தூண்டினார் என்று கலீஃபா அவரைக் கொன்றார். சந்தையைக் காக்க வைத்த அதிகாரியே சந்தையின் பக்கம் சாய்ந்தால், ஆட்சியாளர் சந்தையையே அஞ்சத் தொடங்குகிறார்.

ஹிஜ்ரி 157இல் (கி.பி. 773-774) கடைகள் தெற்கே கர்ஃக் என்ற பகுதிக்கு மாற்றப்பட்டன. அது பக்தாதைவிடப் பழைய கிராமம். ஒரு துணியை விரிக்கச் சொல்லி, எந்தத் தொழிலுக்கு எந்த வரிசை என்று மன்சூரே வரைந்து காட்டினாராம். கையில் கத்தி வைத்திருப்பவர்கள் என்பதால் கசாப்புக்காரர்களைக் கடைசியில் வைத்தார். உள்ளே பகுதிக்கு ஒரு சிறு கடை மட்டும். அதிலும் கீரையும் காடியும்தான் விற்கலாம். வீதிகளை 40 முழ அகலமாக்க ஆணையிட்டு, குறுக்கே நின்ற வீடுகளை இடித்தார்.

கர்ஃக் மக்களுக்கென்று தனி ஜும்ஆ பள்ளிவாசலும் கட்டப்பட்டது. மேலோட்டமாகப் பார்த்தால் நல்ல காரியம். தொழுகைக்காகக்கூட அவர்கள் நகருக்குள் வரத் தேவையில்லை என்பது அதன் மறுபக்கம். பள்ளிவாசல் கொடுத்தது வசதிக்காகவா, விலக்கி வைக்கவா? இரண்டும்தான் என்று நமக்குத் தோன்றுகிறது. கடைகளுக்கு வரி விதித்தது மகன் மஹ்தீ காலத்தில் என்று ஓர் அறிவிப்பு. மன்சூரே விதித்தார் என்றும் உண்டு.

இதற்கு முன்பே, ஹிஜ்ரி 151இல், நதியின் கிழக்குக் கரையில் மகன் மஹ்தீக்காக ருஸாஃபா என்ற குடியிருப்பை எழுப்பத் தொடங்கியிருந்தார். படை இரண்டாகப் பிரிந்து இரு கரைகளிலும் இருந்தால், ஒரு கரையில் கலகம் மூண்டாலும் மறுகரையைக் கொண்டு அடக்கலாம் என்பது அதன் பின்னிருந்த ஆலோசனை. அந்தப் படைமுகாமைச் சுற்றி வீடுகள், தோட்டங்கள், பள்ளிவாசல் என்று ஊரே உருவானது.

ஹிஜ்ரி 158இல் (கி.பி. 775) ஹஜ்ஜுக்குப் போகும் வழியில், மக்காவுக்கு அருகில் மன்சூர் இறந்தார். அவருடைய கொள்ளுப்பேரர்கள் அமீனும் மஃமூனும் மோதிக்கொண்ட போரில், 812-813இல் நகரம் முற்றுகைக்குள்ளானது. வட்ட நகரம் பெரும் சேதமடைந்தது. பிறகு தலைநகர் சாமர்ராவுக்குப் போய், 892இல் திரும்பி வந்தபோது கலீஃபாக்கள் குடியேறியது கிழக்குக் கரையில். 941இல் பச்சைக் குவிமாடமும் விழுந்தது. நான்கு வாயில்களில் ஒன்றுகூட இன்று நிற்கவில்லை. கர்ஃக் சந்தையோ தளர்ந்தும் தழைத்தும் நூற்றாண்டுகள் நீடித்தது.

இன்றும் பக்தாத்வாசிகள் நதியின் மேற்குப் பகுதியைக் கர்ஃக் என்றும் கிழக்குப் பகுதியை ருஸாஃபா என்றும் அழைக்கிறார்கள். ருஸாஃபாவுக்கு வடக்கே இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் அடக்கத்தலத்தைச் சுற்றி வளர்ந்த பகுதிக்கு, இமாமுல் அஃழம் என்ற அவர்களின் பட்டத்தை வைத்து, அஃழமிய்யா என்று பெயர்.