சொல்லுக்கு உழைத்த நீலாம்பிகை அம்மையார்

ஒரு பெயருக்காக உயிரையே ஈந்த மண் விருதுநகர். தமிழ்நாடு எனப் பெயர் சூட்டுக என்பது உள்ளிட்ட கோரிக்கைகளை முன்வைத்து 1956 சூலை 27ஆம் நாள் உண்ணாநோன்பு தொடங்கிய தியாகி சங்கரலிங்கனார், அக்டோபர் 13ஆம் நாள் மறைந்தார். அம்மண்ணில் பத்தாண்டு நிறைவு காணும் நம் வட்டம், சொற்களுக்காகவே வாழ்ந்த அம்மையார் ஒருவரை நினைவுகூர்தல் கடமையாகும்.

மறைமலையடிகளின் மூத்த மகளார் நீலாம்பிகை அம்மையார் 1903இல் பிறந்தவர். 1916ஆம் ஆண்டளவில் தோட்டத்தில் உலவிய அடிகள், வள்ளலார் பாடலொன்றில் தேகம் என்ற இடத்தில் யாக்கை என்றிருப்பின் ஓசை இன்னும் இனிக்குமே என்று மகளிடம் கூறினார் என்பது பலரும் அறிந்த செய்தி. தனித்தமிழ் இயக்கத்தின் தோற்றுவாயாக அவ்வுரையாடலைச் சொல்வர். வேதாசலம் மறைமலை ஆனார். தம்பி திருஞானசம்பந்தம் அறிவுத்தொடர்பு ஆனார். அம்மையாரோ, அம்பிகை என்னும் வடசொல் கலந்த தம் பெயரோடே இறுதிவரை வாழ்ந்தார்.

வரலாறு அவரைப் பெரும்பாலும் அத்தோட்டத்துச் சிறுமியாகவே நிறுத்திவிட்டது. அவர் அங்கே நின்றுவிடவில்லை. தனித்தமிழ்க் கட்டுரைகள், முப்பெண்மணிகள் வரலாறு, பட்டினத்தார் பாராட்டிய மூவர் என உரைநடை நூல்கள் பல எழுதினார். பழமொழிகளைத் தொகுத்து அவற்றிற்கேற்ற ஆங்கிலப் பழமொழிகளையும் உடன் தந்தார். 1927இல் அவர் மணந்த திருவரங்கம் பிள்ளை, 1920இல் திருநெல்வேலியில் தோன்றிய சைவசித்தாந்த நூற்பதிப்புக் கழகத்தை வளர்த்தவர்.

அம்மையாரின் அரும்பணி வடசொற்றமிழ் அகரவரிசை. வழக்கில் ஊறிய வடசொற்களை ஒவ்வொன்றாக எடுத்து, அகர நிரலில் அடுக்கி, நேரான தமிழ்ச்சொல் தேடி எதிரே நிறுத்துவது எளிய செயலன்று. மேடை முழக்கத்துக்குக் கிடைக்கும் கைதட்டல் அகராதி வேலைக்குக் கிடைப்பதுமில்லை. வடசொல் வேண்டா என்று சொன்னோர் பலர். வேறென்ன சொல்வது என்று கேட்டவர் கையில் விடையைக் கொடுத்தவர் அம்மையார்.

1938 நவம்பர் 13ஆம் நாள் சென்னையில் கூடிய தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாட்டுக்கு அவரே தலைமை தாங்கினார். ஈ.வெ.ரா.வுக்குப் பெரியார் என்ற பட்டத்தை அளித்தது அம்மாநாடுதான். அப்பட்டம் நிலைத்தது, தலைமை ஏற்றவரின் பெயர் மங்கிற்று. 1940களில், தந்தையாருக்கு முன்னரே, நாற்பதையொட்டிய வயதில் அம்மையார் மறைந்தார்.

தனித்தமிழியக்கம் விதைத்தவற்றுள் முளைக்காதவையும் உண்டு. ஆயினும் நம் அழைப்பிதழைப் பாருங்கள். அக்கிராசனர் இருந்த இடத்தில் தலைவர்; காரியதரிசி இருந்த இடத்தில் செயலாளர்; பிரசங்கம் இருந்த இடத்தில் சொற்பொழிவு. இவை தாமாக வந்து அமர்ந்தவையல்ல.

நம் வட்டாரத்துத் தொழிலிலேயே தீக்குச்சி தமிழ். மத்தாப்பு பாரசீகத்திலிருந்து வந்தது. இரண்டும் சிவகாசித் தொழிலாளியின் நாவில் ஒன்றாகவே புழங்குகின்றன. கவிஞர் மத்தாப்பைக் கைவிட வேண்டும் என்பதன்று நம் கருத்து. எச்சொல்லையும் எடுக்குமுன் அதன் பிறப்பையும் ஓசையையும் ஒருகணம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அந்த ஒருகணத்தையே அம்மையார் தம் வாழ்நாள் முழுதும் நீட்டித்தார். அவரை யாருடைய மகள், யாருடைய மனைவி என்று சொல்லி நிறுத்தாமல், நூலாசிரியர் என்றே இனி நாம் வழங்குவோமாக.