ஆனந்தர் ஞானம் பெற்ற இரவு

பகவான் புத்தர் குசிநகரத்தில் பரிநிர்வாணம் அடைந்த சில நாட்களிலேயே, சங்கத்தின் மூத்த துறவியான மகாகாசியபர் ஒரு முடிவுக்கு வந்தார். குருநாதர் 45 ஆண்டுகள் போதித்தவற்றுள் ஒன்றுகூட எழுத்தில் இல்லை. சீடர்களின் நினைவில் மட்டுமே இருந்தது. முதுமையில் துறவு பூண்ட ஒரு பிக்ஷு, இனித் தங்களைத் தடுக்கவும் கண்டிக்கவும் யாருமில்லை என்று வெளிப்படையாகவே மகிழ்ந்தது அவருடைய காதில் விழுந்திருந்தது. இனியும் தாமதித்தால் போதனை சிதைந்துவிடும் என்று அஞ்சிய அவர், ராஜகிருகத்தில் ஒரு பேரவையைக் கூட்டத் தீர்மானித்தார். அதற்கென 499 பிக்ஷுக்களைத் தேர்ந்தெடுத்தார். அனைவரும் அருகதர்கள், அதாவது தளைகள் யாவும் அற்று விடுதலை பெற்றவர்கள்.

500-ஆவது இடம் காலியாக விடப்பட்டது. அது ஆனந்தருக்கான இடம். அவரை விட்டுவிட்டுப் பேரவையை நடத்த இயலாது; ஏனெனில் குருவின் உபதேசங்களை முழுமையாக நினைவில் வைத்திருந்தவர் அவர் ஒருவரே. அவரைச் சேர்த்துக்கொள்வதிலும் ஒரு தடை இருந்தது. அவர் இன்னும் அருகதராகவில்லை.

இந்த நிலைமை எப்படி ஏற்பட்டது என்பதைப் புரிந்துகொள்ள அவருடைய வாழ்க்கையைப் பின்னோக்கிப் பார்க்க வேண்டும்.

ஆனந்தர் சாக்கிய குலத்தவர். புத்தருக்குச் சிற்றப்பா மகன். அனுருத்தர், பத்தியர், தேவதத்தன் முதலிய சாக்கிய இளைஞர்களோடு மல்லர் நாட்டிலுள்ள அனுப்பியம் என்ற ஊரில் துறவு ஏற்றார். அவர்களோடு உபாலி என்ற நாவிதரும் சென்றிருந்தார். சாக்கியர்களின் குலச்செருக்கு அடங்க வேண்டும் என்பதற்காக, உபாலிக்கு முதலில் துறவு அளிக்கும்படி அந்த இளைஞர்களே புத்தரிடம் வேண்டிக்கொண்டனர். அதனால், அதுவரை தங்களுக்குப் பணிவிடை செய்தவரை அன்றுமுதல் அவர்கள் எழுந்து நின்று வணங்க வேண்டியதாயிற்று.

துறவேற்ற சில காலத்திற்குள் ஆனந்தர் ஞானப்பாதையின் முதற்படியை எட்டினார். அதற்குக் காரணமாக இருந்தவர் பூர்ணர் என்ற துறவி. ஒருவன் தன் முகத்தைக் காண்பது கண்ணாடியைச் சார்ந்தே நிகழ்கிறது; அதுபோல் 'நான்' என்ற எண்ணம் உடல், உணர்ச்சி முதலியவற்றைப் பற்றுவதைச் சார்ந்தே எழுகிறது என்று பூர்ணர் விளக்கினார். அதைக் கேட்டபோது ஆனந்தரின் உள்ளம் தெளிவடைந்தது. பௌத்த நெறி இந்நிலையை ஸ்ரோதாபத்தி, அதாவது நீரோட்டத்தில் இறங்குதல் என்கிறது. மனிதனைப் பிறவியோடு கட்டும் தளைகள் பத்து. உடல், மனம் முதலியவற்றை ஆன்மா என்று கொள்ளும் மயக்கம், ஐயம், சடங்குகளே விடுதலை தரும் என்ற பிடிப்பு ஆகிய மூன்றும் இந்நிலையில் அறுபடுகின்றன. காமமும் வெகுளியும், நுட்பமான உலகங்களில் வாழும் ஆசைகளும், தன்மானமும், அமைதியின்மையும், அவித்யையும் எஞ்சி நிற்கின்றன. நீரோட்டத்தில் இறங்கியவர் கடலைச் சேர்வது உறுதி; ஆனால் கடல் இன்னும் தொலைவில் இருக்கிறது. ஆனந்தர் இந்த இடத்தில் நாற்பது ஆண்டுகளுக்குக் குறையாமல் நின்றார்.

அந்த ஆண்டுகள் எப்படிக் கழிந்தன? புத்தருக்கு 55 வயதானபோது, நிலையான ஓர் அணுக்கத் தொண்டர் தேவைப்பட்டார். சாரிபுத்தர் உட்பட மூத்த சீடர்கள் பலரும் முன்வந்தனர். ஆனந்தர் மட்டும் வாய் திறக்கவில்லை. புத்தரின் விருப்பம் அவர்மீதே இருந்தது. பொறுப்பை ஏற்குமுன் அவர் எட்டு வேண்டுகோள்களை வைத்தார். புத்தருக்குக் கிடைக்கும் நல்ல ஆடையையோ உணவையோ தமக்குத் தரக்கூடாது, அவருடைய குடிலில் தமக்கு இடம் தரக்கூடாது, அவருக்கு வரும் அழைப்புகளில் தம்மையும் சேர்க்கக்கூடாது என்பவை நான்கு. தாம் ஏற்கும் அழைப்புக்கு புத்தர் வர வேண்டும், தொலைவிலிருந்து வருவோரை உடனே அவரிடம் அழைத்துவர உரிமை வேண்டும், ஐயம் எழும்போதெல்லாம் கேட்க அனுமதி வேண்டும், தாம் இல்லாத இடத்தில் அளித்த உபதேசத்தைத் தமக்கு மீண்டும் கூற வேண்டும் என்பவை மற்ற நான்கு. முதல் நான்கும், ஆதாயத்திற்காகத் தொண்டு செய்கிறார் என்ற பேச்சு எழாமல் காத்தன. எட்டாவது வேண்டுகோளுக்கு உலகமே கடன்பட்டுள்ளது.

25 ஆண்டுகள் அவர் நிழல்போல் உடனிருந்தார். தண்ணீர் கொண்டுவந்தார், கால் பிடித்தார், அறையைப் பெருக்கினார், இரவில் விளக்கேந்தி குருவின் குடிலை ஒன்பது முறை சுற்றிவந்தார் என்று உரைநூல்கள் கூறுகின்றன. மதம்பிடித்த நாளாகிரி என்ற யானை ராஜகிருகத்து வீதியில் பாய்ந்து வந்தபோது, விலகிச் செல்லும்படி குரு சொல்லியும் கேளாமல் அவர்முன் நின்றார். மகத நாட்டு வயல்களின் வரப்பமைப்பைப் பார்த்து, அதே வடிவில் துண்டுகளை இணைத்துத் துறவாடை தைக்கும் முறையை அமைத்தவரும் அவரே. மகாபிரஜாபதி கௌதமி துறவு வேண்டிக் கபிலவஸ்துவிலிருந்து வைசாலிவரை நடந்துவந்து, வீங்கிய கால்களோடும் புழுதி படிந்த உடலோடும் வாயிலில் அழுதுகொண்டு நின்றபோது, அவருக்காகப் பரிந்து பேசியவர் ஆனந்தர். மும்முறை கேட்டும் மறுக்கப்படவே, அவர் கேள்வியை மாற்றினார். பெண்கள் துறவு பூண்டு முயன்றால் ஞானத்தின் நான்கு நிலைகளையும் அடைய வல்லவர்களா என்று கேட்டார். வல்லவர்களே என்றார் புத்தர். பிக்ஷுணி சங்கம் பிறந்தது. பிறருடைய விடுதலைக்கு இவ்வளவு வழக்காடிய ஒருவர் தம் விடுதலையைப் பற்றி எதுவும் கேட்டதாகத் தெரியவில்லை.

அவருடைய அன்பு ஆழமானது. அதில் பற்றும் கலந்திருந்தது. சாரிபுத்தர் மறைந்தார் என்ற செய்தியோடு அவருடைய பாத்திரமும் ஆடையும் சிராவஸ்திக்கு வந்தபோது, ஆனந்தருக்கு உடல் தளர்ந்தது, திசைகள் தெரியவில்லை. ஒழுக்கம், சமாதி, ஞானம் ஆகியவற்றில் எதையாவது சாரிபுத்தர் தம்மோடு எடுத்துச் சென்றுவிட்டாரா என்று புத்தர் அவரைக் கேட்டார். இல்லை என்று அவருக்குத் தெரியும். தெரிந்திருந்தும் துயரம் நிற்கவில்லை. பின்னர்க் குசிநகரத்தில் குருவே இறுதிப் படுக்கையில் இருந்தபோது, ஆனந்தர் உள்ளே சென்று கதவுச் சட்டத்தைப் பற்றிக்கொண்டு அழுதார். தாம் இன்னும் மாணாக்கனாகவே இருக்க, ஆசிரியர் போகிறாரே என்பதுதான் அந்த அழுகை. புத்தர் அவரை அழைத்து, அவருடைய தொண்டைப் பலர் முன்னிலையில் புகழ்ந்தார். முயன்றால் விரைவில் மாசுகள் நீங்கும் என்றும் உறுதி கூறினார்.

இந்த உறுதிமொழிக்குப் பிறகும் ஆனந்தர் உடனே தவத்தில் அமரவில்லை. கோசல நாட்டில் ஒரு வனத்தில் தங்கியிருந்தபோது, துயருற்று வந்த இல்லறத்தாருக்கு ஆறுதல் கூறுவதிலேயே அவருடைய பொழுது கழிந்தது. இவ்வளவு பேச்சும் உனக்கு என்ன செய்யப்போகிறது என்ற கருத்துப்பட ஒரு வனதேவதை அவரைக் கடிந்துகொண்டதாகச் சூத்திரம் கூறுகிறது. சிராவஸ்திக்குச் சென்றவர், ஜேதவனத்தில் குருவின் வெறும் அறையைத் திறந்து, அவர் இருந்த காலத்தில் செய்ததுபோலவே பெருக்கி ஒழுங்குபடுத்தினார். இதைக் குறையென்று சொல்ல மனம் வரவில்லை. எனினும் விடுதலைக்கு இது போதாது என்பதைப் பௌத்த மரபு மறைக்கவில்லை.

பேரவைக்கு முந்தைய நாளும் வந்துவிட்டது. மாணாக்க நிலையிலேயே அருகதர்களின் அவையில் அமர்வது முறையல்ல என்று ஆனந்தர் எண்ணினார். அன்றிரவு முழுவதும் உடலின்மீது மனத்தை நிறுத்தும் தியானத்தில் ஈடுபட்டார். நெடுநேரம் முன்னும் பின்னும் நடந்தார். யாமங்கள் கழிந்தன. எதுவும் நிகழவில்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சோணர் என்ற துறவி பாதங்களில் குருதி கசியும்வரை நடந்து தவம் செய்து மனம் தளர்ந்தபோது, வீணையின் நரம்பு மிக இறுகினாலும் மிகத் தளர்ந்தாலும் இசை பிறக்காது என்பதை புத்தர் அவருக்கு நினைவூட்டினார். கௌசாம்பியில் பிக்ஷுக்களிடம் பேசும்போது, அருகத நிலை எய்துவோர் செல்லும் வழிகள் நான்கு என்று ஆனந்தரே வகுத்துக் கூறியிருக்கிறார். அவற்றுள் நான்காவது, தர்மத்தைப் பற்றிய தவிப்பால் கலங்கிய மனம் ஒரு கணத்தில் தானாக உள்ளே அடங்கி ஒருமுகப்படும்போது பாதை பிறப்பது. அவருக்கு அவ்வழி நன்கு தெரியும். பிறருக்கும் சொல்லித் தந்திருக்கிறார். வேதாந்தம் பயிலும் நாம் சிரவணம் என்று எதைச் சொல்கிறோமோ, அதில் அவருக்கு நிகர் யாருமில்லை. 82,000 உபதேசங்களைக் குருவிடமிருந்தும் 2,000 உபதேசங்களைப் பிற துறவிகளிடமிருந்தும் அவர் பெற்றார் என்பது மரபு. அந்த 84,000-மும் அன்றிரவு அவரோடு நடந்துகொண்டுதான் இருந்தன.

விடியும் நேரத்தில் அவர் தம் முயற்சி அளவுக்கு மீறியிருப்பதை உணர்ந்தார் என்று உரையாசிரியர்கள் விளக்குகிறார்கள். ஊக்கம் மிகுந்து, சமாதி பின்தங்கியிருந்தது. குருவின் வாக்கு பொய்க்காது என்று எண்ணியவராய், நடப்பதை நிறுத்திக் கால்களைக் கழுவிக்கொண்டு அறைக்குள் சென்றார்; சற்று ஓய்வெடுக்கக் கட்டிலில் அமர்ந்து உடலைச் சாய்த்தார். பாதங்கள் தரையை விட்டு எழுந்திருந்தன. தலை தலையணையைத் தொடவில்லை. அந்த இடைவெளியில் அவருடைய சித்தம் மாசுகளிலிருந்து விடுபட்டது. நிற்றல், நடத்தல், இருத்தல், கிடத்தல் என்ற நான்கில் எதிலும் சேராத நிலையில் ஞானம் பெற்றவர் என்று மரபு அவரைத் தனித்துக் குறிப்பிடுகிறது.

முயற்சியை விட்டதால்தான் ஞானம் கிட்டியது என்று சிலர் இதற்குப் பொருள் சொல்கிறார்கள். எனக்கு அது சரியென்று தோன்றவில்லை. அவர் நாள்முழுதும் படுத்திருந்து, அன்று ஒருமுறை புரண்டு படுத்தவர் அல்லர். அந்த இரவின் நடை அவரைக் கட்டில்வரை கொண்டுவந்தது. இன்றே அடைந்துவிட வேண்டும் என்ற பதைப்பு அங்கே கழன்றது. தன்மானம் என்ற தளை எத்தனை நுட்பமானது என்று பார்த்தால், நாளை அவையில் தகுதியோடு அமர வேண்டும் என்ற எண்ணத்திலும் அது ஒளிந்திருந்திருக்கலாம்.

மறுநாள் ஆனந்தர் அவையில் தம் இடத்தில் அமர்ந்தார். சாத்தப்பட்டிருந்த கதவின் சாவித் துளை வழியே நுழைந்தார் என்று சொல்லும் கதைகளும் உண்டு, அவற்றை விட்டுவிடலாம். வினய விதிகளை உபாலி கூறினார். ஒருகாலத்தில் சாக்கியர்களுக்கு முடிதிருத்திய அதே உபாலி. அடுத்து மகாகாசியபர் தர்மத்தைப் பற்றி ஆனந்தரைக் கேட்டார். பிரம்மஜால சூத்திரம் எங்கே உபதேசிக்கப்பட்டது என்பது முதற்கேள்வி. ராஜகிருகத்திற்கும் நாலந்தாவுக்கும் இடையிலுள்ள அரச விடுதியில் என்று தொடங்கி, யார் பொருட்டு, எதைப் பற்றி என ஒவ்வொன்றாக அவர் சொல்லிக்கொண்டே போனார். சூத்திரங்கள் ஒவ்வொன்றும் தாம் இவ்வாறு கேள்வியுற்றதாகக் கூறியே தொடங்குகின்றன. ஞானம் பெற்ற பிறகும் அவர் தம்மைக் கேட்டவராகவே முன்வைத்தார்.

அதே பேரவையில் மூத்தோர் அவர்மீது குற்றங்களையும் அடுக்கினர். எவை சிறு விதிகள் என்று குருவிடம் கேட்டுத் தெளியவில்லை. குருவின் மழையாடையைத் தைக்கும்போது அதைக் காலால் மிதித்தார். குருவின் திருமேனியைப் பெண்கள் முதலில் வணங்கவிட்டு அது கண்ணீரால் நனையக் காரணமானார். நெடுங்காலம் வாழும்படி வைசாலியில் குருவை வேண்டத் தவறினார். பெண்கள் துறவு பெற உழைத்தார். ஒவ்வொன்றுக்கும் ஆனந்தர் காரணம் கூறினார். எதிலும் தமக்குத் தவறு தெரியவில்லை என்றும், ஆயினும் மூத்தோர்மீது கொண்ட மதிப்பினால் அவற்றைத் தவறென ஏற்றுக்கொள்வதாகவும் சொன்னார். மனத்தில் படாததைப் பட்டதாகக் காட்டவுமில்லை, சபையோடு வாதாடவுமில்லை. சில மாதங்களுக்கு முன் கதவைப் பற்றிக்கொண்டு அழுதவர் இவர்தான் என்பதை எண்ணிப் பார்த்தால், அந்த விடியற்காலையில் நடந்தது என்னவென்று ஓரளவு ஊகிக்கலாம்.

அதன்பின் அவர் நெடுங்காலம் வாழ்ந்தார். 120 ஆண்டுகள் என்பது மரபுவழிக் கணக்கு. கி.பி. 5-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியா வந்த சீனத் துறவி பாகியான் அவருடைய முடிவைப் பற்றிக் கேட்டறிந்து எழுதியிருக்கிறார். உடலை விடும் எண்ணத்தோடு ஆனந்தர் மகதத்திலிருந்து வைசாலியை நோக்கிப் புறப்பட்டார். அஜாதசத்ரு மன்னன் படையோடு பின்தொடர்ந்து கங்கையின் தென்கரைக்கு வந்தான்; லிச்சவியர் அவரை எதிர்கொள்ள வடகரைக்கு வந்தனர். ஒரு கரைக்குச் சென்றால் மறுகரையினர் வருந்துவர் என்று எண்ணிய ஆனந்தர், நடு ஆற்றிலேயே சமாதியில் ஆழ்ந்து யோகாக்கினியால் உடலை நீத்தார். எஞ்சியது இரு பகுதியாகப் பிரிந்து இரு கரைகளையும் சேர்ந்தது. இரு நாட்டினரும் தத்தம் பகுதியை எடுத்துச் சென்று அதன்மீது தூபி எழுப்பினர்.