கார் ஓட்டிய கரிவரதன்



போன மாத சுவர் இதழில் பத்தாம் வகுப்பு அக்கா ஒருவர் கப்பலோட்டிய வ.உ.சி. பற்றி எழுதியிருந்தார்கள். இந்த மாதம் நான் கார் ஓட்டிய ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். பொம்பளைப் பிள்ளைக்கு கார் ரேஸ் எதுக்கு என்று சிரிக்காதீர்கள். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

அவர் பெயர் எஸ். கரிவரதன். கரி என்று சுருக்கமாகக் கூப்பிடுவார்கள். 1954-ல் பிறந்தவர். கோயம்புத்தூர் லட்சுமி மில்ஸ் குடும்பத்தைச் சேர்ந்தவர். அது 1910-ல் குப்புசாமி நாயுடு ஆரம்பித்த மில். அந்த வீட்டுப் பிள்ளை குடும்பத் தொழிலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாலே போதும், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் அவருக்கு மனசெல்லாம் வண்டி மேலேயே இருந்தது.

அந்தக் காலத்தில் கார் பந்தயம் என்றால் சோழவரம்தான். சென்னைக்கு வடக்கே, ரெட்ஹில்ஸ் தாண்டி இருக்கிறது. இரண்டாம் உலகப் போர் சமயத்தில் விமானம் இறங்கிய ஓடுதளம் அது. போர் முடிந்த பிறகு, 1950-களிலிருந்து மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயம் நடத்தியது. கரிவரதன் அங்கே ஓட்டி நாடு முழுக்கப் பேர் வாங்கினார்.

அவர் ஜெயித்ததைவிட எனக்குப் பிடித்தது வேறு ஒன்று. அப்போது நல்ல பந்தயக் கார் வேண்டுமென்றால் வெளிநாட்டிலிருந்துதான் வரவழைக்க வேண்டும். அதற்கு நிறைய பணம் வேண்டும். ஒருத்தர் கார் வேகமாகவும் இன்னொருத்தர் கார் மெதுவாகவும் இருந்தால், ஜெயித்தது ஆளா, பணமா என்று எப்படித் தெரியும்? கரிவரதனிடம் பணம் இருந்தது. அவர் பாட்டுக்கு ஓட்டிவிட்டுப் போயிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை.

1983-ல் மாருதி 800 கார் வந்தது அல்லவா? அதன் இன்ஜினுக்கு மூன்று சிலிண்டர், 796 சி.சி. வீட்டுக் காரில் இருக்கும் அந்தச் சின்ன இன்ஜினை வைத்தே ஒருவர் மட்டும் உட்காரும் பந்தயக் காரை உருவாக்கினார். அதற்கு ஃபார்முலா மாருதி என்று பெயர். நம் நாட்டு இன்ஜின், கோயம்புத்தூரிலேயே செய்த கார். எல்லோருக்கும் ஒரே மாதிரி வண்டி. அதனால் திறமை உள்ளவன் முன்னால் வரலாம். விளையாட்டையே அவர் ஒரு தொழிலாக மாற்றிவிட்டார்.

இந்தக் கார்கள் நம் மாவட்டத்திலேயே ஓடின! ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் நீளத்தில் பந்தயத் தடம் இருக்கிறது. கோயம்புத்தூர் நாராயண் கார்த்திகேயன் தன் முதல் பந்தயத்தை ஃபார்முலா மாருதி காரில் அங்கேதான் ஓட்டினார். அவர் கரிவரதனுக்கு உறவுக்காரரும்கூட. 2005-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார்.

அதைப் பார்க்க கரிவரதன் இல்லை. 1995-ல் விமான விபத்தில் இறந்துபோனார். அப்போது அவருக்கு 41 வயது. கோயம்புத்தூர் பக்கம் செட்டிபாளையத்தில் உள்ள பந்தயத் தடத்துக்கு கரி மோட்டார் ஸ்பீடுவே என்று அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

இப்போது காரணத்தைச் சொல்கிறேன். எங்க அப்பா டூவீலர் மெக்கானிக். பிளஸ் டூ முடித்ததிலிருந்து அண்ணனும் கடையில்தான் இருக்கிறான். ஆயில் கையோடு வேலை செய்வது அவனுக்குக் கேவலமாக இருந்தது. ராத்திரியானால் செங்கல்பட்டு ரோட்டுக்குப் போய்விடுவான். ரெண்டு வண்டி பக்கத்துப் பக்கத்தில் நின்று, நேர் ரோட்டில் யார் முந்துவது என்று பார்ப்பார்களாம். டிராக் ரேஸ் என்று இதற்குப் பெயர். அதற்கென்று உள்ள தடத்தில் 402 மீட்டர் தூரத்துக்கு, ஹெல்மெட் போட்டு, பாதுகாப்புக்கு ஆள் வைத்து நடத்துவார்கள். எங்க அண்ணன் போன ரோட்டில் மாடு நின்றது. கீழே விழுந்து கால் ஒடிஞ்சு போச்சு. அம்மா மூணு நாள் சரியா சாப்பிடலை.

கட்டிலில் படுத்திருந்த அண்ணனுக்கு இந்தக் கட்டுரையைப் படித்துக் காட்டினேன். முதலில் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். மாருதி இன்ஜின் இடம் வந்ததும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னான். வேகத்தில் ஆசைப்பட்ட ஒருவர் கையில் ஸ்பேனர் பிடிப்பதைக் கேவலமாக நினைக்கவில்லை என்பது அவனுக்கு ஆச்சரியமாக இருந்திருக்கும்.

இப்போது அண்ணன் லேசாக நொண்டிக்கொண்டே அப்பாவுக்கு முன்னால் போய்க் கடையைத் திறக்கிறான். பழைய இன்ஜினைப் பிரித்து எனக்கும் சொல்லித் தருகிறான். பிளக் கழற்றிச் சுத்தம் பண்ண எனக்கும் தெரியும். விழுந்த வண்டியை அப்பா இன்னும் சரி பண்ணவில்லை. புது ஹெல்மெட் ஒன்று வாங்கி அதன் மேலே வைத்திருக்கிறார்.

நம்ம உத்திரமேரூர் கோயில் சுவரில் ஊர் சபைக்கு யார் வரலாம், யார் வரக்கூடாது என்று ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னாடியே சட்டம் எழுதி வைத்திருக்கிறார்கள். பந்தயத்துக்கும் சட்டம் உண்டு. அண்ணன்களே, வேகம் தப்பில்லை. ஆனால் ரோட்டில் மாடும் வரும், நம்ம தங்கச்சியும் சைக்கிளில் வருவாள். அங்கே பந்தயம் வேண்டாம்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி